தம்பியின் சிலைக்குப் பஸ்ஸில் போனேன்

காலை ஆறரை மணிக்குத் துடியலூரில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஆடி மாதக் காற்று மேட்டுப்பாளையம் சாலையின் புழுதியையெல்லாம் வாரி முகத்தில் அடித்தது. காந்திபுரத்தில் பஸ் மாறிப் பீளமேட்டில் இறங்கியபோது வெள்ளைக் கார் ஒன்று எனக்காகக் காத்திருந்தது.

காரில் இருந்தவர் தங்கவேலு. பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் என் தம்பிக்குச் சிலை வைக்கும் குழுவின் தலைவர். சொந்தமாக நூல் மில் வைத்திருக்கிறார். அவரே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்கம்மணி. ஏசி ஒத்துக்குமுங்களா? கொறைக்கட்டுங்களா?"

கொங்கு நாட்டு மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வியந்து பேசுவார்கள். கோபித்துக்கொள்ளும்போதுகூட 'ங்க' போடுகிறவர்கள் என்பார்கள். அது பொய்யில்லை. எல்லாருக்கும் போடுகிறார்களா என்பதை மட்டும் அவர்கள் நின்று பார்ப்பதில்லை. எங்கள் அப்பா பிறர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். அவரைப் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள் 'வாடா, போடா' என்றார்கள். மகன் பட்டாளத்துக்குப் போன பிறகுதான் அவருக்கும் 'ங்க' வந்தது.

தம்பி குமரேசன் கார்கில் போரில் இறந்தான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அதனால்தான் சிலையைத் திறக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவிநாசி சாலையில் நீலாம்பூர், கருமத்தம்பட்டி தாண்டி, முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம் வந்த பிறகு அவிநாசியில் சாப்பிட நிறுத்தினார். பெரிய ஹோட்டல். எனக்கு இட்லி, அவருக்கு ரோஸ்ட். பரிமாற வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரைத்திருந்தது. தங்கவேலுவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

"தண்ணி வெக்கச் சொல்லி எவ்வளவு நேரம்டா? காது கேக்காதா?" என்றவர், அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்புடுங்கம்மணி, ஆறிப்போயிருமுங்க" என்றார்.

அந்தப் பெரியவர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"என்ற தம்பியும் இந்த வேலைதானுங்க பார்த்தான். பட்டாளத்துல சேர்றதுக்கு முன்ன பெருந்துறையில ஹோட்டல்ல டேபிள் தொடைச்சான்" என்றேன்.

தங்கவேலு சிரித்தார். "அதெல்லாம் அப்பங்க. இப்ப அவரு நமக்குத் தெய்வமுங்க."

குமரேசன் முதல் லீவில் வந்தபோது, அவன் வேலை பார்த்த ஹோட்டலுக்கே யூனிபாரத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான். முதலாளி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாராம். "சாப்பாடு பழைய ருசிதானுங்கக்கா. எனக்குத்தான் சங்கடமாப் போச்சு. என்ற இடத்துல புதுசா ஒரு பையன் நின்னு திட்டு வாங்கீட்டு இருந்தான்" என்று சொன்னான். இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறான். இதைத் தங்கவேலுவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. பந்தல் காற்றில் பிய்ந்துவிட்டது என்று யாரோ சொல்ல, இவர் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஒன்பதரை மணி வாக்கில் ஒரு டோல்கேட்டுக்கு வந்தோம். எங்கள் வண்டிக்கு மட்டும் தடுப்புக் கம்பம் மேலே போகவில்லை. பச்சைச் சட்டைக்கு மேல் பளபளக்கும் கோட்டுப் போட்ட ஒரு பெண் கையில் கருவியோடு வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

"சார், ஃபாஸ்டேக் ரீட் ஆகலைங்க. கொஞ்சம் பின்னால எடுத்துக்கங்க, கையில காட்டிப் பாக்கறேன்."

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. தங்கவேலு கண்ணாடியை இறக்கினார்.

"உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியுமா? கார்கில்ல உசுரக் கொடுத்தவரோட அக்கா. அவரு செத்ததுனாலதான் நீயெல்லாம் இங்க நின்னு சம்பளம் வாங்கீட்டிருக்க. கேட்டத் தொறடி."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அதில் கோபமில்லை. இந்த அம்மாவும் சேர்ந்து திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்து நின்ற பார்வை அது.

ஹோட்டலில் நான் அதற்கு மேல் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் என்னை விருந்தாளியாக அழைத்துப் போகிறவர், அவர் வண்டி, அவர் செலவு. ஆனால் இங்கே அவர் கையில் எடுத்து ஓங்கியது என் தம்பியின் சாவை. அதற்கு அவருக்கு உரிமை இல்லை. கதவைத் திறந்து இறங்கினேன்.

"கண்ணு, என்ற தம்பி செத்தது இதுக்கில்ல" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"சரிங்கம்மா. வண்டி வருது, நடுவுல நிக்காதீங்க. இப்படி ஓரமா வாங்க" என்று கையைப் பிடித்து மேடைமேல் ஏற்றிவிட்டாள். பிறகு கருவியைக் கண்ணாடியில் காட்டினாள். கம்பம் மேலே போனது.

தங்கவேலு வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தார். "என்னங்கம்மணி இது? ஏறுங்க. மைக் செட்டெல்லாம் ரெடியா இருக்குது. தொறக்கறதே நீங்கதானுங்க."

"தெரியுங்க. வந்துருவேன். நான் பஸ்ஸுல வாரேன், நீங்க போங்க."

"அவகிட்ட வேணும்னா ஒரு சாரி சொல்லிப்போடறேன். ஏறுங்க."

"எனக்காகச் சொல்ல வேண்டாங்க."

அவர் சொல்லவுமில்லை. கார் போய்விட்டது. அந்தப் பெண்தான் வரிசையில் நின்ற ஈரோடு பஸ்ஸின் கண்டக்டரிடம் பேசி என்னை ஏற்றிவிட்டாள்.

"ஏனுங்கம்மா, டோல்கேட்டுல ஏறறீங்க?" என்றார் கண்டக்டர்.

"கார் ஒத்துக்கலைங்க."

அவர் சிரித்து, முன் இருக்கையில் இடம் பண்ணிக் கொடுத்தார். பெருந்துறைக்கு டிக்கெட் பத்து ரூபாய்.

பெருந்துறையிலிருந்து காங்கேயம் சாலையில் ஆட்டோ பிடித்து ஊருக்குள் போய் இறங்கியபோது பதினொரு மணி. ஒரு பக்கம் கிழிந்த பந்தலைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். சிலையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி முகத்தைக் காட்டியது. பெரிய முறுக்கு மீசை. குமரேசனுக்கு அப்படி மீசை கிடையாது. அப்படி வளர்க்க அவனுக்குக் காலம் கிடைக்கவில்லை.

என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். நான் பஸ்ஸில் வந்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தங்கவேலு என் முகத்தைப் பார்க்காமலே வரவேற்றுப் பேசிவிட்டு, பொன்னாடையை விரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இத உங்க கையால போட்டுக்கமாட்டேனுங்க" என்றேன்.

தன்னடக்கம் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். நான் மைக்கை வாங்கினேன். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். துடியலூரில் தையல் மெஷினோடு பேசிப் பழகியவள்.

"என்ற தம்பி ஹோட்டல்ல டேபிள் தொடைச்சவனுங்க. அவனை டேய்னு கூப்பிட்டவங்க இந்தப் பந்தல்லயும் இருக்கீங்க. அத நான் மறக்கலைங்க. இன்னைக்குக் காலையில டோல்கேட்டுல வேலை பாக்கற ஒரு புள்ளைய அவன் பேரச் சொல்லி ஏசுனாங்க. அவனுக்குச் சிலை வைக்காட்டியும் பரவால்ல. மாலை போடாட்டியும் பரவால்ல. வேலை செய்யறவங்கள ஏசறதுக்கு அவன் பேர எடுக்காதீங்க. எடுத்தா நான் எங்க இருந்தாலும் வந்து கேப்பேனுங்க."

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த சமையல் ஆட்கள் கையில் இலையோடு நின்று பார்த்தார்கள். நான் இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்துச் சிலையைத் திறந்து, மாலையை நானே எடுத்துப் போட்டேன். சிலையின் கழுத்து உயரமாக இருந்தது, எட்டவில்லை. பீடத்தில் ஏறி நின்று போட்டேன்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிடாமல் போனால் கோபித்துக்கொண்டு போனாள் என்பார்கள். அந்தச் சுலபமான காரணத்தை அவர்களுக்குக் கொடுக்க மனமில்லை. பக்கத்து இலைக்காரர்கள் என்னோடு பேசவில்லை. பரிமாறியவர் கேட்காமலே இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார்.

இரண்டு மணிக்கு ரோட்டோரம் வந்து பஸ்ஸுக்கு நின்றேன். தங்கவேலு வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"சபையில வெச்சு இப்படி அசிங்கப்படுத்திப்போட்டீங்களேங்க. நானென்ன உங்களுக்குக் கெட்டது செஞ்சேன்? அடுத்த வருஷம் நினைவு நாளுக்கு உங்களைக் கூப்பிடறதா வேண்டாமான்னு கமிட்டிதான் முடிவு பண்ணோணும்."

பெருந்துறை பஸ் வளைவில் தெரிந்தது. கை காட்டினேன்.

"நல்லா முடிவு பண்ணுங்க. கூப்பிடாட்டியும் வருவேனுங்க. தலைவர் யாருன்னு வருசா வருசம் நீங்க மாத்திக்கலாம். அவனுக்கு அக்கா நான் ஒருத்திதானுங்க."

பஸ் நின்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.