யாருமில்லாதவள் என்று எழுதிய சீட்டு

யுத்தம் நடந்த வருஷங்களில் ஒரு கோடையில் அம்மாவுக்கு வயிறு வீங்கிக்கொண்டே வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தர்ம வார்டு உண்டு, ஏழைகளைக் காசு வாங்காமல் படுக்கவைத்துப் பார்ப்பார்கள் என்று துறைமுகத்தில் உப்பு மூட்டை தூக்கும்போது கேள்விப்பட்டேன். கொழும்புக்குப் போன அப்பாவிடமிருந்து கடிதம் நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

புறப்படும்போது பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள்.

"மூளிக்காதோடயா ஆஸ்பத்திரிக்குப் போவிய மதினி? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?"

தன் தங்கப் பாம்படத்தைக் கழற்றி அம்மாவின் தொங்கு காதில் மாட்டிவிட்டாள். பெரிய இடத்துக்குப் போகிற பெண் வெறுங்காதோடு போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

சீட்டு எழுதுகிற குமாஸ்தா அம்மாவின் வயிற்றைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தார்.

"ஏலே, தங்கம் தோளு வரைக்கும் ஆடுது. தர்ம வார்டு கேக்குதியோ?"

"இரவல் ஐயா."

"இங்கன வாரவ எல்லாருக்கும் இரவல்தான். போ, முன்சீப்புகிட்ட ஏழைன்னு எழுதி வாங்கிட்டு வா."

கிராம முன்சீப் வீடு உண்டா, காடு உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "சம்பாதிக்கிற மகன் நீ இருக்கியேலே, பொறவு எப்படி எழுத?" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் பேனாவை எடுத்தார்.

"சரி, ஆதரிக்க யாருமில்லாதவள்னு எழுதுதேன். நீ இல்லன்னு வச்சிக்க."

பக்கத்து வீட்டு அக்காதான் பாம்படத்தைக் கழற்றிக்கொண்டு, சீட்டோடு அம்மாவைக் கூட்டிப்போய்ச் சேர்த்தாள். நான் ரோட்டில் நின்றேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சர்க்கார் காகிதத்தில் ஏறியது ஏறியதுதான் என்று பயப்படுகிறவன். மகன் என்று உள்ளே போனால் பொய்ச்சீட்டு என்று அம்மாவை வெளியே தள்ளிவிடுவார்களோ? முன்சீப்புக்கு வேலை போய்விடுமோ? என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களோ? இப்படியே ஆறு நாள் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினேன். வீட்டில் ஒருத்தனுக்கு மட்டும் கஞ்சி காய்ச்சக் கை பழகவில்லை. தினமும் ஒரு ஆள் கஞ்சி மிஞ்சியது. பேச ஆளில்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு குடிப்பேன்.

ஏழாம் நாள் பொறுக்க முடியாமல் உள்ளே போனேன். கட்டிலருகே நர்ஸம்மா தடுத்தார்.

"யாருப்பா நீ? இந்த அம்மாவுக்குத்தான் யாரும் இல்லியே."

"பக்கத்து வீடு" என்றேன்.

அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். சீட்டில் இருந்ததை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த ஆறு நாளும் வார்டில் அவளை யாருமில்லாத அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஆமா தாயி, பக்கத்து வீட்டுப் பிள்ளதான்" என்றாள் நர்ஸம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்கம்ம வேளைக்குச் சோறு போடுதாளாலே?" என்று கேட்டாள்.

"போடுதா" என்றேன்.