ஒருவருக்குப் போதும்

டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்ற உச்சிமாகாளிக்கு ஒரே மகள், முத்துச்செல்வி. வெளிநாட்டில் நர்ஸாக இருந்த அவள் பெற்றோரைத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அந்த நாட்டின் ஓய்வூதியர் விசாவுக்கு மாத வருமானம் காட்ட வேண்டும். மனைவியும் வந்தால் அதில் பாதி கூடுதல். அவருடைய பென்ஷன் ஒருவருக்குத்தான் காணும்.

“நீங்க முன்னால போங்க. நான் பொறவு வாரேன்” என்றாள் மனைவி ஆனந்தவள்ளி.

“போனா ரெண்டு பேருந்தான்” என்றார் அவர்.

குறைந்த தொகையை வாடகையில் ஈடுகட்ட, குத்துக்கல்வலசையில் இருந்த தன் வீட்டின்மேல் மாடி எடுத்தார். பூச்சு வேலை நடக்கும்போது, குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், ஆனந்தவள்ளி மாரடைப்பில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “இப்பம் ஒங்க பென்ஷனே போதும்ப்பா.”

அவர் எழுந்து கொல்லைப்புறம் போனார். அவள் தடுக்கவில்லை.

மகள் திரும்பிப் போய் இரண்டு மாதம் கழித்துத் தென்காசியில் விசா ஏஜென்ட் முன்னால் உட்கார்ந்திருந்தார். திருமண நிலை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“நான் எழுதட்டுமா அண்ணாச்சி?” என்றார் ஏஜென்ட்.

“வேண்டாம். அங்கன பிள்ள தனியாக் கெடந்து அழுதுட்டிருக்கா. நான்தான எழுதணும்” என்றவர், மனைவியை இழந்தவர் என்பதைத் தன் கையாலேயே நிரப்பினார்.