அப்பாவின் செபமாலையும் திறக்க மறுத்த என் வாயும்

ஒரு தவக்காலம் முழுவதும் வாயைத் திறக்க முடியாமல் அழுதவள் இதை எழுதுகிறேன்.

கடந்த தவக்காலம் தொடங்கச் சற்று முன்னர், ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில் என் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு உறை போட்டார்கள். ஊசியின் விறைப்பு இறங்கியதும் வலி தொடங்கியது. முதலில் தாடை. பிறகு காதுக்கு முன்னால். பிறகு நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி முடுக்குவதுபோல. கரண்டி நுழையும் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. பல் வைத்தியர், பழகிவிடும், பொறுங்கள் என்றார். தலையை ஸ்கான் செய்தார்கள், ஒன்றுமில்லை. மன அழுத்தமாம். எனக்கு! வகுப்பில் நாலு பேர் பேச வேண்டியதை ஒருத்தியே பேசி முடிக்கிறவளுக்கு!

ஆனால் நான் அழுதது பல்லுக்காக இல்லை. அந்த நாட்களில்தான், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அப்பாவை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோய். அவரை விட்டுவிட்டு வைத்தியரிடம் இன்னொரு டெர்மின், அதுதான் முன்பதிவு, எடுத்து அலைய எனக்கு மனம் வரவில்லை. மன்னாரிலிருந்து வந்த நாள்தொட்டு எங்கள் வீட்டில் மாலைச் செபமாலை தவறியதில்லை. முன்னின்று சொல்வது நான். அம்மா தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே அழுதுவிடுவா. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் போகுமட்டும் செபமாலை நிக்கக் கூடாது பிள்ளை. நீ சொல்லு, நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

"ஓம் அப்பா" என்றேன். அதற்கே தாடை இழுத்தது.

முனகி முனகிச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் குரல் குறைந்துகொண்டே போனது. "ஆண்டவரே, வலி இருக்கட்டும். இந்த வாயை மட்டும் திறந்துவிடும். அரை மணி நேரம் போதும்" என்று குளியலறைக்குள் நின்று கெஞ்சினேன். வாய் திறக்கவே இல்லை. கோபத்தில் மாதா படத்தை நிமிர்ந்து பார்க்காமலே நடந்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, செபமாலையின் முதல் பத்து மணிகள் முடிவதற்குள் தாடை பூட்டிக்கொண்டது. சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அம்மாவும் அழுதா. அப்பா மணியைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இன்றும் தாங்க முடியவில்லை.

அண்ணா அப்போது அடுத்த அறையில், குசினி அடுப்படியில் இருந்தான். பிராங்பேர்ட்டில் வேலை, வார இறுதியில் மட்டும் வருவான். கோயில் பக்கம் போய் வருடக்கணக்காகிறது. நாங்கள் செபிக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுவான். அவன்தான் கதவடியில் வந்து நின்று, திக்கித் திக்கி, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினான். பாதியில் ஒரு வரியைக் காணவில்லை. அப்பா சிரித்தார்.

"டேய், அரைவாசியை விழுங்கிப் போட்டாய்."

"இருங்கோ அப்பா, போனில பாத்துச் சொல்லுறன்."

"ஆறுதலாப் பார். மாதா எங்க ஓடப்போறா?"

அண்ணா திரும்பிப் போகவில்லை. லீவு எடுத்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு பின்னேரமும் அவனே சொன்னான். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. குருத்து ஞாயிற்றுக்கு முந்திய பின்னேரம், அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணா நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் அழுதான்.

அடக்கத்துக்குப் பிறகு அவனே என்னை வேறொரு பல் வைத்தியரிடம் கூட்டிப்போனான். அவர் நிறத் தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார். உறை ஒரு மயிரிழை உயரமாம்; கடிக்கும்போதெல்லாம் தாடை இழுபட்டிருக்கிறது. அதைத் தேய்த்துவிட்டு, படுக்கும்போது பல்லில் போட ஒரு தகடும் தந்தார். வலி மெல்ல மெல்லத்தான் இறங்கியது. இன்று பேசுகிறேன், பாடுகிறேன். கேட்க அப்பா இல்லை. ஏன் இதை முந்தித் தரவில்லை என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்கிறேன்.

ஆனால் அப்பா போகுமட்டும் செபமாலை நிற்கவில்லை. நான் என் வாயைத்தான் கேட்டேன். ஆண்டவர் அண்ணாவின் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்று ஓடுகிறவள், இப்போது செபத்தில் கொஞ்சம் பேசாமல் இருக்கவும் பழகுகிறேன். ஞாயிறு பூசைக்கு அண்ணாதான் காரை எடுக்கிறான்.

வலியோடு இதை வாசிக்கிறவர்களே, விடாமல் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடும் கேளுங்கள். உங்கள் குரல் நின்றுபோகும் இடத்தில், அடுத்த அறைக்கும் கொஞ்சம் காதுகொடுங்கள். அங்கேயும் ஆண்டவர் இருக்கிறார். அவருக்கு என் நன்றி.