தான் மிஷின் இல்லை என்று காட்டிய மருமகள்

மற்றவர்களின் பாடத்தை எழுதுவதுதான் என் மருமகளுக்கு வேலை. வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் எழுத வேண்டிய கட்டுரைகளை, அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இவள் இங்கிலீஷில் எழுதுவாள். மார்க்கு அவர்களுக்கு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கும் இப்படி ஒருத்தி எழுதிக் கொடுத்திருந்தால் கலெக்டராகியிருப்பேன் என்று சீண்டுவேன்.

இப்போது கம்ப்யூட்டரே கட்டுரை எழுதுகிறதாம். இவளுக்கு வேலை வருவது குறைந்துவிட்டது. போனை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். களி கிண்டும்போதும் கண் அதில்தான். அடி பிடித்த களியைத்தான் நாங்கள் தின்றோம்.

ஒருநாள் அவளே எழுதிய கட்டுரை திரும்பி வந்தது. மிஷின் எழுத்தைக் கண்டுபிடிக்கிற இன்னொரு மிஷின், இதுவும் மிஷின் எழுதியதுதான் என்று சொல்லிவிட்டதாம். வேலை கொடுக்கிற பெங்களூர்க்காரர் வீடியோவில் வந்தார்.

"பேஜார் ஆகாதீங்க மேடம். நான் பார்க்க ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்க. இல்லன்னா கம்பெனி லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துடுவாங்க."

உட்கார்ந்து எழுதினாள். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பின்னால் போய் எட்டிப் பார்த்து, வீடியோவில் இருந்தவரைக் கேட்டேன்.

"ஏம்ப்பா, மிஷினுக்கு இப்படி வேர்க்குமா?"

"அத்தை, சும்மா இருங்க!"

"இருக்கறேன்டி. மிஷினுக்கு மாமியா உண்டான்னு மட்டும் கேட்டுக்கறேன்."

அந்த ஆள் சிரித்துவிட்டார். எழுதி முடித்ததைப் படித்தார்.

"மனுஷங்கதான், ஒத்துக்கறேன். ஆனா இனிமே முழுசா எழுதற வேலை இல்ல மேடம். மிஷின் எழுதினதை மனுஷங்க எழுதின மாதிரி மாத்தித் தரணும். சரின்னா சொல்லுங்க, அனுப்பறேன்."

அவர் போனதும் இவள் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"என்னாத்துக்குடி இந்த நடை? வேலை இருக்குதுன்னுதானே சொன்னான்?"

"அது எழுதற வேலை இல்லைங்க அத்தை. மிஷின் கக்குனதைக் கழுவற வேலை."

"அப்ப இனிமே அதுதான் உனக்கு மாமியா. என்னையாச்சும் எதுத்துப் பேசலாம், அதை முடியாது."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சட்டென்று நின்றாள்.

"பாப்பாரப்பட்டி டியூஷன்ல இங்கிலீஷுக்கு ஆள் வேணும்னாங்களே, இன்னும் எடுத்திருக்க மாட்டாங்க இல்லைங்க?"

எனக்கு என்ன தெரியும்? அதைச் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். பெங்களூர்க்காரருக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.