இமர்த்தி என்று ஒரு குதிரை

லாயக்காரன் சோகாராமும் எங்கள் மகாராஜாவும் ஒரே வயது. மகாராஜா முதன்முதலில் சேணம் ஏறியபோது கடிவாளத்தைப் பிடித்து நின்றவன் அவன். குதிரையைத் தவிர வேறெதையும் அந்த மனிதர் ஆசையாகப் பார்த்து நாங்கள் கண்டதில்லை. தர்பாரில் வழக்கு கேட்கும்போது தூங்கி வழிவார். லாயத்துக்கு வந்தால் முகம் மலரும். எந்தப் பெட்டைக்கு எந்த ஆண் குதிரையைச் சேர்ப்பது என்று அவரும் சோகாராமும் கொள்ளு மூட்டை மேல் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அந்த நெருக்கம் அவனுக்குத் தலைக்கேறியிருந்தது.

மழை பொய்த்த ஒரு வருடம், கேசர் என்ற பெட்டை குட்டி போடும் நாளில்தான் சோகாராமின் மனைவி இமர்த்திக்கும் வலி எடுத்தது. பிரசவம் பார்க்கப் போனவள் என் அம்மா.

"புள்ள குறுக்க கெடக்குது. என்னால ஆகாது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்று கைவிரித்துவிட்டாள்.

எங்கள் ராஜ்ஜியத்தில் மோட்டார் வண்டி ஒன்றுதான். சோகாராம் லாயத்துக்கு ஓடினான். மகாராஜாவை நாங்கள் எல்லோரும் 'ஹுக்கும்' என்றுதான் அழைப்போம்.

"ஹுக்கும், வண்டி வேணும். வீட்ல உசுருக்குப் போராடுறா."

மகாராஜா கேசரின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "வண்டி குதிரை டாக்டரக் கூட்டியாரப் போயிருக்குடா. வந்ததும் எடுத்துட்டுப் போ. அதுவரைக்கும் இங்கயே நில்லு. நீ இல்லன்னா இவ மிரளுவா."

சோகாராம் நின்றான். வண்டி வந்து, அதை எடுத்துக்கொண்டு அவன் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, வயிற்றுப் பிள்ளையோடு இமர்த்தி போய்விட்டிருந்தாள். லாயத்தில் கேசர் அழகான பெட்டைக்குட்டி ஈன்றிருந்தது.

காரியம் முடிந்த அன்று மகாராஜாவே அவன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"சோகா, குட்டிக்குப் பேர் வெச்சுட்டேன். இமர்த்தி. இனி ஒம் பொண்டாட்டி பேரு அழியாது."

அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. தெருவே வாயாரப் புகழ்ந்தது. சோகாராம் அவர் காலைத் தொட்டான்.

குட்டி வளர்ந்தது. வந்த விருந்தாளிகள் எல்லாம் அதன் பின்புறத்தைத் தட்டி, "அடடா, இமர்த்தி!" என்றார்கள். இனம் சேர்க்கும் நாளில் பேமா என்ற லாயக்காரன், "இன்னிக்கு இமர்த்திக்கு மாப்பிள்ள வர்றாரு டோய்!" என்று கத்தினான். சோகாராம் அவன் பல்லை உடைத்தான்.

மகாராஜா கேள்விப்பட்டுப் பூரித்துப் போனார். "குதிரையச் சொன்னதுக்கே இந்த அடியா! என்ன பாசம்டா ஒனக்கு!"

ஆனால் சோகாராம் ஒருநாளும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்கைச் சொடுக்குவதோடு சரி. மகாராஜா ஒருநாள் கவனித்துவிட்டார்.

"ஏன்டா, பேர் சொல்ல மாட்டியா?"

"வாய்ல வரல, ஹுக்கும்."

"நான் செஞ்ச மரியாத ஒனக்குக் கசக்குதா?"

மறுநாளே அவனைச் சாணி அள்ளும் வேலைக்கு அனுப்பினார். அதன்பின் அவனோடு பேசவே இல்லை. சாகும்வரை குதிரை ஏறினார்.

ராஜ்ஜியம் போன பிறகு இளவரசர் குதிரைகளை விற்றார். இமர்த்தியின் கயிறு ஒரு வியாபாரி கைக்குப் போனது. "இதும் பேரு என்ன?" என்று பக்கத்தில் நின்ற சோகாராமைக் கேட்டான்.

"பேரெல்லாம் கெடையாது. ஏதாச்சும் வெச்சுக்க."

"சரி, சாந்தினின்னு வெச்சுக்கறேன்" என்று ஓட்டிக்கொண்டு போனான்.

அன்று என் அம்மா கேட்டாள்: "அந்தக் குதிரைய ஒருதரம் தடவிக்கூட அனுப்பலியே, சோகா?"

"அது நல்ல குதிரதான், அக்கா. அன்னிக்கு அவரு நில்லுன்னதும் நின்னேன் பாரு, அதத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

சாணிக் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனான்.