அக்காவுக்கும் எடுத்த ஸ்கேன்

என் கணவர் டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், டாலிகஞ்ச் வீட்டிலிருந்து காலையிலேயே கிளம்பி பெஹாலாவில் ஒரு சிறிய மையத்துக்குப் போவோம். சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் வளர்ந்துகொண்டே போகும் நோய் அவருக்கு. அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. இரண்டும் வீங்கி வீங்கி, சட்டையின் கீழ்ப் பொத்தான்களைப் போட முடியாத அளவுக்கு வயிறு பெருத்துவிட்டது.

டாக்டர் ஒருநாள் எங்களை உட்காரவைத்துப் பேசினார். இப்படியே தொடரலாம். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் உண்டு. ஆனால் இவர் வயிற்றில் அதற்கான திரவம் தங்க இடம் போதாது. யாராவது கொடுத்தால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம். அதற்கும் இடம் வேண்டுமென்பதால், பழையதில் ஒன்றை முதலில் எடுத்துவிட வேண்டும் என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் திருச்சியிலிருந்து என் நாத்தனார் ரயிலேறிவிட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஹவுராவில் இறங்கும்போதே மூன்று மாதத்துக்கான துணிமணி கையில் இருந்தது. தம்பிக்குத் தானே கொடுப்பது என்று முடிவுசெய்துகொண்டு வந்திருந்தார்.

முதலில் அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அவருக்குள்ளும் அதே கட்டிகள். சிறியவைதான், இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் கொடுக்க முடியாது. வயதானதால் வந்தது என்று அவர் நினைத்திருந்த ரத்த அழுத்தத்துக்குக் காரணமும் அன்றுதான் தெரிந்தது.

திரும்பும்போது டாக்ஸியில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் இருக்குன்னு கவலையில்லடா. உனக்குக் குடுக்க முடியாமப் போச்சே."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை கையை மட்டும் விடவில்லை.

மறுநாள் நான் பரிசோதனைக்குப் போனேன். பொருந்தியது. என் கணவரோ ஒரேயடியாக மறுத்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்து, "பொண்ணுக்கு நம்மள்ல ஒருத்தராவது முழுசா இருக்க வேண்டாமா?" என்றார்.

"அவளுக்கு ரெண்டு பேரும் வேணும்," என்றேன். "எனக்கும் நீங்க வேணும்."

இருபத்தைந்து வருடத்தில் அப்படி நான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாத்தனார் மெதுவாக எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். என் கணவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கும் குழுவின் முன் எங்களை உட்காரவைத்து, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று வங்காளியில் கேட்டார்கள். கட்டாயப்படுத்தியது நான்தான், இவர்தான் மாட்டேன் என்றார் என்று என் அரைகுறை வங்காளியில் சொன்னேன். கேள்வி கேட்ட பெண்மணி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

முதலில் ஒரு பக்கத்துப் பழைய சிறுநீரகத்தை எடுத்தார்கள். காயம் ஆறி உடம்பு தேறியபின் என்னுடையதைப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போய்க் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே அவர் முகத்தில் நோயால் படிந்திருந்த சாம்பல் நிறம் வடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், வலிக்கிறதா என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நன்றாகவே வலித்தது.

நாத்தனார் மூன்று மாதத்துக்கு வந்தவர் எட்டு மாதம் எங்களோடு இருந்தார். இப்போது திருச்சியில் ஒரு டாக்டரிடம் ஒழுங்காகப் போய்வருகிறார்.

மகள் இன்னும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளவில்லை. பரீட்சை முடியட்டும், நானே சொல்கிறேன் என்றிருக்கிறாள். நாங்கள் காத்திருக்கிறோம்.