கருவாட்டுப் பைக் குடித்த பெற்றோல்

எங்கள் கடற்கரை ஊரான கண்டக்குழியில் அபூசாலி என்று கேட்டால், எந்த அபூசாலி என்பார்கள். கருவாட்டுப் பைக் அபூசாலி என்றால் சின்னப் பிள்ளையும் எங்கள் வேலியைக் கை நீட்டிக் காட்டும். அவர் என் கணவர்.

அந்தப் பைக் கருவாட்டுக்காகச் செய்ததல்ல. தூரப் பயணம் போகிறவர்கள் ஓட்டும் உயரமான பைக். இடுப்பில் பட்டம் கட்டிக் கடல்மேல் பலகையில் ஓடும் வெள்ளைக்காரர்களுக்காக ஒரு ஹோட்டல் வாங்கி வைத்திருந்தது. கொரோனாக் காலத்தில் ஹோட்டலைப் பூட்டியபோது இவர் அதை வாங்கி வந்தார். பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள் இருந்தன. வெள்ளைக்காரர்கள் அதில் உடுப்பும் கூடாரமும் வைத்துக்கொண்டு நாடு சுற்றியிருப்பார்கள். இவர் கட்டாக் கருவாட்டையும் நெத்தலியையும் அடுக்கினார். சரியாகக் காயாத கட்டாவிலிருந்து உப்புத் தண்ணீர் இறங்கிப் பெட்டிக்குள் தேங்கியது. அதற்காக ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு ஓட்டை துளைத்தார். துளைத்த அன்று அவருக்குப் பெரிய சந்தோசம்.

“வெள்ளைக்காரனுக்கு இந்த மூள வரல்ல பாத்தியா” என்றார்.

கருவாட்டை அவர் விற்பது கடற்கரையில் இல்லை. கடற்கரையில் யார் கருவாடு வாங்குவார்கள்? பாலாவி, புத்தளம் தாண்டி, வண்ணாத்திவில்லுவும் தாண்டி, எலுவன்குளம் வரைக்கும் போவார். வயல்காரர்கள், கச்சான் கடலை போடுகிறவர்கள், சேனைக்காரர்கள் எல்லாரும் அவரை எதிர்பார்த்திருப்பார்கள். தமிழில் ஒரு பகிடி, சிங்களத்தில் ஒரு பகிடி என்று சொல்லிச் சொல்லி நிறுப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் சிரித்துவிட்டு வாங்குவார்கள். அவருடைய வியாபாரம் முழுதும் அந்தக் கதையில்தான் இருந்தது.

எனக்குப் பயம் அந்தப் பாதையில். வண்ணாத்திவில்லு கழிந்தால் இரண்டு பக்கமும் காடு. பொழுது சாயும்போது ஆனைகள் பாதைக்கு வரும். முந்தின வருசம் சைக்கிளில் வந்த ஒரு மனிதரை அங்கேதான் ஆனை அடித்தது. அவருடைய செருப்பு ஒரு கிழமையாகப் பாதையோரத்தில் கிடந்ததாம். யாரும் எடுக்கவில்லை என்று இவர்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். எனக்குத்தான் அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

“ஆன எனக்கு வழி விடும் புள்ள. என்ட மணத்துக்கு மனுசனே கிட்ட வாறல்ல, ஆன வருமா?”

தட்டுப்பாட்டில் பெற்றோலுக்குக் கோட்டா வந்த பிறகு என் பயம் இரண்டு மடங்கானது. போனில் இருக்கும் கியூஆரைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவு என்று பெற்றோல் செட்டில் அளந்து அடிப்பார்கள். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது. ஆரம்பத்தில் அந்தப் பெற்றோல் எலுவன்குளம் போய் வீடு வந்து சேரக் கணக்காக இருந்தது. பிறகு பைக் குடிக்கத் தொடங்கியது. திரும்பி வரும்போது பாலாவியிலேயே, தாங்கியின் அடியில் அவசரத்துக்கு இருக்கும் றிசேர்வுக்கு மாற்றவேண்டி வந்தது. அடுத்த முறை புத்தளத்தில். பிறகு வண்ணாத்திவில்லுவில். றிசேர்வு விழும் இடம் கிழமைக்குக் கிழமை பின்னால் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் காடு. நான் மனதுக்குள் அந்தப் பாதையை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் நின்றுபோன பைக்கைத் தள்ளிக்கொண்டு வருவார். வெளிச்சம் குறைந்துகொண்டு போகும். அதற்கு மேல் நினைக்க மாட்டேன்.

போகாமல் இருங்கள் என்று சொல்ல முடியாது. அதுதான் எங்கள் அடுப்பு.

பெற்றோலை மிச்சம் பிடிக்க அவர் செய்யாத வேலை இல்லை. முன்னால் காற்றுக்கு இருந்த கண்ணாடியைக் கழற்றினார். இரும்புக் காவல் கம்பிகளைக் கழற்றினார். டயருக்குக் கல்லுப் போல் காற்று அடித்தார். செயினுக்கு எண்ணெய் பூசினார். காபரேட்டரின் திருகாணியை இப்படித் திருகுவார், வேலி வரைக்கும் ஓடிப் பார்ப்பார், திரும்பி வந்து அப்படித் திருகுவார். கடைசியில் இப்றாஹிம் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனார். அது எங்கள் ஒழுங்கை முனையில்தான் இருக்கிறது. நான் இடியப்ப மாவுக்குப் போகும்போது இரண்டு பேரும் கதைப்பது கேட்டது.

“பெட்டியக் கழட்டிட்டுக் கொண்டா அபூசாலி. இந்த மணத்துக்குள்ள எனக்கு வேல செய்யேலா.”

“பெட்டி துருப்புடிச்ச ஆணில நிக்குது நானா. கழட்டினா திரும்பப் பூட்டேலா. நீங்க எஞ்சினப் பாருங்க.”

“பிளக் நல்லாத்தான் இரிக்கி. எஞ்சின்ல ஒண்டுமில்ல.” இப்றாஹிம் நானா உடுத்திருந்த சாரத்தின் நுனியால் மூக்கை மூடிக்கொண்டு முன்பக்கம் மட்டும் குந்தியிருந்தார். “நீ முறுக்கிற முறுக்கு அப்பிடி. மெதுவா ஓடு. டொப் கியர்ல, ஒரே சீரா. மாப்புள ஊர்வலம் போற மாதிரி.”

அன்றிலிருந்து அவர் ஊர்வலம்தான் போனார். விடியக் கிளம்பி பின்னேரம் அஸருக்கு வருகிறவர், பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும்போதுதான் வேலியடியில் வந்து நிற்பார்.

“மெதுவா வந்தா காட்டுக்குள்ள கூட நேரம் இரிக்கணுமே மச்சான்” என்றேன்.

“வேகமா வந்தா காட்டுக்குள்ள பெற்றோல் முடியும். உனக்கு எது ஓணும், சொல்லு.”

எனக்கு இரண்டும் வேண்டாம்.

அவர் வந்ததும் பெட்டிகளைக் கழுவுவது என் வேலை. ஒரு நாள் வலப் பக்கத்துப் பெட்டியைக் கழுவியபோது, கீழே பின் சில்லின் பிரேக் தட்டில் தண்ணீர் விழுந்து சீறியது. தோசைக்கல்லில் தெளித்தது போல. முன் சில்லின் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். சும்மா வழிந்து ஓடியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பிரேக் புடிச்சா சுடும்தானே” என்றார்.

“முன்னுக்குச் சுடல்லியே.”

“நான் பின் பிரேக்தான் மிதிக்கிற. முன் பிரேக்கப் புடிச்சா பாரத்துக்குக் கவுண்டுரும். நீ என்ன, இப்றாஹிம் நானாட கராஜுக்கு வேலைக்குச் சேரப் போறியா?”

சிரித்துவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், பைக்கைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அடுத்த கிழமையும் ஊற்றிப் பார்த்தேன். இன்னும் உரக்கச் சீறியது.

போன வருசம் எலுவன்குளத்துக்குக் குடிபோன, என் கூடப்பிறந்த ராத்தா கமறியா கிணற்றடியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். பார்க்கப் போக வேண்டும். அப்படித்தான் நான் அந்தப் பாதைக்கு முதல் தடவையாகப் போனேன். விடியக் கிளம்பினோம், பெட்டி நிறையக் கருவாட்டோடு. போகும்போது வெயில் ஏறியிருந்தது, பாதையில் ஆட்கள் இருந்தார்கள், அவர் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வந்தார். காடு வந்தபோது நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ராத்தா சாப்பிடாமல் விடவில்லை. விற்காமல் மிஞ்சிய கருவாட்டோடு வெளிக்கிட நேரமாகிவிட்டது. காட்டுக்குள் வந்தபோது வெயில் மஞ்சளாகி, மரங்களின் நிழல் பாதையைக் குறுக்கே மறைத்திருந்தது. அவர் கதைக்கவில்லை. அவர் கதைக்காமல் பைக் ஓட்டி நான் கண்டதில்லை. பைக் முக்கியது. அவர் கூட்டிக் கூட்டி முறுக்க, அது குறைந்து குறைந்து போனது. றபர் கருகுவது போல ஒரு மணம் வந்தது.

“றிசேர்வு விழுந்திட்டு” என்றார்.

சொல்லி முடிக்கவில்லை, பின் சில்லு பாதையில் இழுபட்டு நின்றது. எஞ்சினும் நூர்ந்து நின்றது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

இறங்கித் தள்ளினோம். அசையவில்லை. பெற்றோல் முடிந்த பைக்கைத் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது. சில்லு பூட்டுப் போட்டது போல இறுகிக் கிடந்தது. அவர் ஸ்பெனரை எடுத்துக் குனிந்து எஞ்சினைப் பார்த்தார். நான் பாதையைப் பார்த்தேன். அதனால்தான் முதலில் கண்டது நான்.

நாங்கள் போக வேண்டிய பக்கம், பாதை ஓரத்தில், பாலை மரத்தின் நிழல் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பிறகு அந்த நிழல் காதை ஆட்டியது.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் பார்த்தார். அவருடைய கையிலிருந்த ஸ்பெனர் பெட்டியில் பட்டு ‘டங்’ என்றது. ஆனை எங்கள் பக்கம் தலையைத் திருப்பியது. தனி ஆனை.

“ஓடினா துரத்தும்” என்றார் மெல்ல. “விட்டுட்டு ஓடுவமா, நிப்பமா?” என்னிடம்தான் கேட்டார். கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

நான் பின் சில்லைப் பார்த்தேன். வலப் பக்கத்துப் பெட்டியின் ஓட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு இறங்கியது. நேரே பிரேக்கில் விழுந்து சீறிப் புகைந்தது. இன்னொரு சொட்டு. அதே இடம். பெட்டிக்குக் கீழே, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், அந்த இரும்பு முழுதும் வெள்ளையாகவும் செம்மையாகவும் உப்புப் பூத்து இறுகியிருந்தது.

“பிரேக் விடல்ல மச்சான்” என்றேன். “நீங்க மிதிக்காமலே அது புடிச்சிக்கொண்டு இரிக்கி.”

அவர் அப்படியே மண்ணில் படுத்தார். பிரேக்கில் எண்ணெய் திறக்கும் சின்ன ஆணியை ஸ்பெனரால் திருகினார். கொதிக்கும் எண்ணெய் அவர் கையில் சீறி அடித்தது. பல்லைக் கடித்தார், சத்தம் போடவில்லை. நான் ஆனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தும்பிக்கையை நீட்டிக் காற்றை மோந்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. அவசரமே இல்லாமல், தெரிந்த வீட்டுக்கு வருவது போல வந்தது. எனக்குத் தெரிந்த எல்லா ஓதலும் அந்த நேரம் மறந்துபோனது. யா அல்லாஹ் என்பது மட்டும் வந்தது.

“தள்ளு” என்றார்.

தள்ளினோம். சில்லு முனகிக்கொண்டு உருண்டது. வந்த பக்கத்துக்கே பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனோம். எஞ்சினைப் போட அவர் துணியவில்லை. பாரமான பைக், செருப்பு வழுக்கியது, மூச்சு விட்டால்கூட ஆனைக்குக் கேட்கும் என்று பயந்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். பைக் நின்ற இடத்துக்கு ஆனை வந்திருந்தது. தாரில் உப்புத் தண்ணீர் சொட்டிய இடத்தைத் தும்பிக்கையால் தடவித் தடவி வாயில் வைத்தது. எங்களுக்காக அது வரவில்லை. பெட்டியில் இருந்ததற்காக வந்தது. அந்தப் பெட்டிகளைத்தான் நாங்கள் தள்ளிக்கொண்டு போகிறோம்.

வளைவு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எதிரே ஒரு உழவு மெஷின் வந்தது. அதில் இருந்தவர்கள் கத்தி, தகரம் தட்டி, ஆனையைக் காட்டுக்குள் விரட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தோம். வண்ணாத்திவில்லுவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் இவருக்குத் தெரிந்தவர்.

“எங்க, இண்டைக்கு ஒரு பகிடியும் இல்லியா?” என்றார் கடைக்காரர்.

இவர் சிரித்தார். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, வெளியே போய்ப் பின் சில்லடியில் குந்தினார்.

மறுநாள் இப்றாஹிம் நானா எங்கள் முற்றத்துக்கே வந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஆணிகளை வெட்டிப் பெட்டிகளைக் கழற்றினார். பிரேக்கைக் கழற்றிக் கையில் எடுத்து எங்களுக்குக் காட்டினார். உள்ளே உப்புக் கட்டி, இரும்பை இரும்போடு ஒட்டியிருந்தது. இத்தனை மாதமாகப் பைக் ஒரு பிரேக்கை இழுத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. குடித்த பெற்றோலில் பாதி அந்த இழுவைக்கே போயிருக்கிறது. புது றபர் போட்டு, பெட்டியின் ஓட்டையை அடைத்து, தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் வைத்து, புது ஆணியில் பெட்டிகளைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தார்.

“ஆரு கண்டது?” என்று கேட்டார்.

“வீட்டுல” என்று இவர் என் பக்கம் தலையை அசைத்தார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை அவர் போனார். அன்று எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அஸர் தொழுது எழும்பும்போதே பைக் சத்தம் வேலியடியில் கேட்டது. ஓடிப் போனேன். அவர் தாங்கி மூடியைத் திறந்து, பைக்கை ஆட்டி, உள்ளே பெற்றோல் அலம்பும் சத்தத்தை எனக்குக் கேட்க வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“றிசேர்வே விழல்ல புள்ள. போய் வந்தும் மிச்சம். எல்லாம் நீ கண்டதால.”

நானும் சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு நெஞ்சுப் பாரம் இறங்கியது. பெட்டியைக் கழுவத் தண்ணீர் அள்ளினேன்.

“இந்த மிச்சத்துக்கு இன்னும் உள்ளுக்குப் போகலாம்” என்றார் அவர், ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டே. “எலுவன்குளத்துக்கு அங்கால, காட்டோரத்துல புதுசாக் குடியேறின ஆக்கள் இரிக்காங்க. கருவாட்டுக்காரன் ஒருத்தனும் அந்தப் பக்கம் போறல்லியாம்.”

“ஏன் போறல்ல?” என்று கேட்டேன்.

அவர் கருவாட்டுப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். தாங்கி மூடியை இறுக்கிப் பூட்டினார்.